மாஸ்டரின் வலது கால்

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, காலை. கெட்ட பழக்கம்தான். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, அழுதுகொண்டிருந்த பெரியவரின் கட்டைவிரல் கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டு, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கணவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை நோய் மருத்துவர், அதிலும் காலைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள் என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், உள்ளபடி என் தொழில் கவலைப்படுவது. மருந்து எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989-ல், புதுக் கலெக்டர் அலுவலகத்துக்கு என் கணவரை மாற்றினார்கள். நான் அப்போதுதான் எம்.டி. முடித்திருந்தேன். சென்னையில் ஏதாவது ஒரு ஆய்வுக்கூடத்தில், குளிர்ந்த அறையில், கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து இன்சுலினை ஆராயப்போகிறேன் என்று கனவு கண்டுகொண்டிருந்தவள், செங்கம் சாலையில் ஒரு வாடகை வீட்டில் வந்து இறங்கினேன். எப்படியும் சீக்கிரம் கிளம்பிவிடுவோம் என்ற நம்பிக்கையில் என் புத்தகப் பெட்டிகளில் பாதியைப் பிரிக்கவே இல்லை. பக்கத்திலேயே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

வந்த சில வாரங்களில், கீழ்பென்னாத்தூரிலிருந்து, இந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற நிலக்கடலையை விற்கும் வியாபாரி ஒருவர் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தார். அவர் நடந்து வந்த வழியெல்லாம் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். செருப்பைக் கழற்றச் சொன்னேன். கழலவில்லை. ஒரு ஆணி அடியிலிருந்து ஏறி, செருப்பையும் குதிகாலையும் சேர்த்துத் தைத்திருந்தது. அதோடு பஸ் ஏறி, உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்து, எங்கள் வரிசையிலும் நின்றிருக்கிறார்.

"ஆணியா? எங்க, காட்டுங்க" என்று குனிந்து அவரே பார்த்தார், அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோல. நான் பிடுங்கி எடுத்தபோது அவர் முகம் சுளிக்கவில்லை. முகம் சுளித்தவள் நான்தான்.

ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் ஏறியே இருந்தால் கால் நரம்புகள் மரத்துப்போகும் என்பது படித்ததுதான். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறேன். ஆனால் அந்த ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் பயம் வந்தது. வலித்தால்தானே மனிதன் டாக்டரிடம் வருவான். வலிக்காதவன் வரமாட்டான். வரும்போது விரல் அழுகியிருக்கும், காலை எடுக்க வேண்டியிருக்கும். இந்த ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் எத்தனை பேர் இப்படிக் காலில் ஆணியோடு நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. சென்னை ஆய்வுக்கூடம் எனக்காகக் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வருகிற ஒவ்வொரு சர்க்கரை நோயாளியின் காலையும் சோதிக்க ஆரம்பித்தேன்.

சோதிப்பதற்குக் கருவி வேண்டும். வெளிநாட்டில் அதற்கென்றே நைலான் இழை விற்கிறார்கள் என்று படித்திருந்தேன். இங்கே மீன் தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பை வாங்கி, ஒரு கல்லூரி வேதியியல் கூடத்துத் தராசில் அழுத்தி அழுத்திப் பார்த்து, பத்து கிராம் எடை காட்டும்போது வளைகிற மாதிரி நறுக்கிக்கொண்டேன். அதுதான் என் முதல் ஆராய்ச்சிக் கருவி. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, உள்ளங்காலில் அதை வளையும்வரை அழுத்துவேன். தெரிந்தால் "உம்" சொல்ல வேண்டும். "உம்" சொல்லாத பாதங்கள் நான் பயந்ததைவிட ஜாஸ்தியாக இருந்தன.

அதோடு பௌர்ணமி வேறு. நான் வந்த புதிதில் கிரிவலம் வருகிறவர்கள் இருந்தார்கள் என்றாலும், தொண்ணூறுகளில்தான் கூட்டம் வருடத்துக்கு வருடம் பெருகியது. மலையைச் சுற்றி முழு வட்டமும் வெறுங்காலில் நடக்க வேண்டும். பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கொப்புளக் கால்களாக உட்கார்ந்திருக்கும். வலிக்கிறது என்று கத்துகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. ஓரமாக, பேசாமல், வேறு எதற்கோ வந்தவர்போல உட்கார்ந்திருப்பவரைத்தான் முதலில் கூப்பிடுவேன். ஊரே பௌர்ணமியை எதிர்பார்த்துக் காத்திருக்கும். நான் மட்டும் காலண்டரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

மரத்த காலுக்கு மெத்தென்ற செருப்பு வேண்டும். அப்படிப்பட்ட செருப்பு அப்போது ஒரே இடத்தில்தான் கிடைத்தது. பக்கத்தில் ஒரு தொழுநோய் மருத்துவமனையில், தடித்த கறுப்பு ரப்பர் அட்டையில், குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். அவர்களிடம் கேட்டு வாங்கி என் நோயாளிகளுக்கும் கொடுத்தேன். ஒவ்வொரு தடவை வரும்போதும் எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் சந்தேகம் வந்து ஒரு அம்மாளின் செருப்பைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் தேயவே இல்லை, புழுதிகூட ஒட்டவில்லை. இன்னொருவருடையதைத் திருப்பினேன். அதுவும் அப்படித்தான். ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒருவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மஞ்சள் பையிலிருந்து கறுப்புச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் பழைய செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

என்னைத் திருப்திப்படுத்துவதற்காக மட்டும் போட்டுக்கொண்ட செருப்புகள். எனக்கு வந்த கோபத்தில் அன்று எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். ஆனால் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அதை விளங்கவைத்தவர் மாஸ்டர்.

மாஸ்டர், தேரடிப் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர். இந்த ஊரிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்காத குறையாக டைப் அடிக்கப் பழகியவர்கள். என் கணவர் அலுவலகத்துப் பெண்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை மெஷின்களுக்கு நடுவில் நின்றுகொண்டே இருப்பவர். சர்க்கரைக்கு மருந்து வாங்க என்னிடம் வந்தவரைக் கண்ணை மூடச் சொல்லி, அவருடைய இரண்டு பாதங்களிலும் என் நைலான் நரம்பால் சோதித்தேன். முடித்துவிட்டு நரம்பை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணைத் திறக்காமலே மரியாதையாக, "ஆரம்பிக்கலாம் டாக்டரம்மா, நான் ரெடி" என்றார்.

செருப்பை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது அவங்க போடற செருப்பாச்சே" என்றார்.

அப்போது ஊரில் சுவருக்குச் சுவர் உணர்ச்சியற்ற தேமலைப் பற்றி எழுதிப் போட்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோய் என்பது மனப்பாடம். அந்தக் கறுப்புச் செருப்பையும் எல்லோருக்கும் அடையாளம் தெரியும்.

"அந்த நோய்க்கே மாத்திரை வந்து எல்லாரும் குணமாகி வேலைக்குப் போறாங்க மாஸ்டர். அதுல வெட்கப்பட என்ன இருக்கு? உங்களுக்கு அதுவும் இல்ல. வெறும் சர்க்கரை."

"எனக்குத் தெரியுதுங்க. ஊருக்குத் தெரியணுமே? எம் பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கேன். மாப்பிள வீட்டுக்காரங்க வர்றப்ப வாசல்ல இந்தச் செருப்பு கெடந்தா, காப்பிகூட குடிக்காம எழுந்து போயிடுவாங்க."

"சரி, அப்ப வாசல்ல விடாதீங்க. வீட்டுக்குள்ளயே போட்டுக்குங்க."

"வீட்டுக்குள்ளயா? சாமி படம் இருக்கற எடத்துலயா?" என்று அவர் கேட்ட கேள்வியில் இருந்த அதிர்ச்சியைப் பார்த்தால், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதாகத் தோன்றும். கடைசியில், கால் மரத்துப்போனது மனைவிக்குக்கூடத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, செருப்பைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போனார். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அதை அவர் காலில் நான் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு மருத்துவர்கள் கூட்டத்தில் என் ஆய்வை வாசித்தேன். எவ்வளவு பேருக்கு உணர்ச்சி போயிருக்கிறது, பௌர்ணமிக்குப் பிறகு என்ன ஆகிறது, செருப்பு ஏன் தேயவில்லை என்பதெல்லாம். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிய பேராசிரியர் எழுந்து, இவர்கள் ஷூ போட்டுக்கொண்டால் முடிந்ததே, இதற்கு ஒரு ஆராய்ச்சியா என்றார். எனக்குச் சுருக்கென்றது. "சார், நம்ம ஊர்ல ஷூவைக் கழட்டாம நீங்க யார் வீட்டுக்குள்ள போவீங்க?" என்று கேட்டுவிட்டேன். கூட்டம் சிரித்தது. கூட்டம் முடிந்ததும் அவரே கூப்பிட்டுத் தம் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்துகொள்ளச் சொன்னார். பிரிக்காத பெட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. யோசித்துப் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தபோது சித்ரா பௌர்ணமி முடிந்து நாளாகியிருந்தது. மாஸ்டரின் மனைவி தனியாக வந்து என் அறை வாசலில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வீட்ல எலி ஏதோ செத்துக்கெடக்குதுன்னு ரெண்டு நாளா தேடிக்கிட்டிருந்தேன் டாக்டரம்மா. கட்டிலுக்கு அடியிலல்லாம் பெருக்கினேன். அது எலி இல்ல. அவர் கால்" என்றார்.

ஆட்டோ வைத்துப் போய் அவரை அழைத்து வந்தோம். பெண்ணுக்கு நல்ல வரன் அமையும்வரை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். "ராத்திரி கூட்டம் தாங்காது. அதான் பகல்லயே போயிட்டு வந்துட்டேன்" என்றார். சித்திரை வெயிலில், உச்சி வேளையில், கொதிக்கும் தார் ரோட்டில், காலில் உணர்ச்சியில்லாத மனிதர் முழு மலையையும் சுற்றியிருக்கிறார். மற்றவர்கள் ரோட்டோர மண்ணில் தாவித் தாவி நடந்தபோது, தாம் மட்டும் நடுரோட்டில் நிதானமாக நடந்ததைச் சாமி கொடுத்த பலம் என்று நினைத்திருக்கிறார். இரண்டு பாதங்களிலும் கொப்புளம். இடது பாதம் தானாக ஆறிவிட்டது. வலது பாதத்தில், விரல்களுக்குக் கீழே, ஒரு குழி. அதற்குள் என் விரல் நுனி போயிற்று.

திட்டினேன். நல்லாவே திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "வரன் அமைஞ்சிடுச்சு டாக்டரம்மா. போளூர் பக்கம். கூட்டுறவு சங்கத்துல வேல. ஆவணில முகூர்த்தம்" என்று சிரித்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மேலே திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சீழை வெட்டி எடுத்து, இன்சுலின் போட்டு, ஊசி மருந்து கொடுத்து, காய்ச்சல் இறங்கும்வரை எனக்கு வீட்டில் எதுவும் ஓடவில்லை. பால் பொங்கி வழிந்தால் வழிந்தது. சீழ் அடங்கிய பிறகு வேறு பிரச்சினை வந்தது. அந்தக் குழியின் மேல் எடை ஏறக்கூடாது. படுத்தே இருக்கும் ஜாதி இல்லை மாஸ்டர். தொழுநோய் மருத்துவமனையில் பாதத்திலிருந்து முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிடுவார்கள். எடை கால் முழுக்கப் பரவி, புண் ஓய்வெடுக்கும். அதைச் சொன்னதும், வேண்டாம் என்பார் என்று நான் பயந்ததற்கு மாறாக, மாஸ்டர் முகம் மலர்ந்தது.

"மாவுக்கட்டா? வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிக்கலாமே!"

எலும்பு முறிவு கௌரவமான விஷயம். பாத்ரூமில் வழுக்கி விழுந்த கதை ஊரெல்லாம் பரவியது. அவர் பெண்ணும் அதையே நம்பினாள். அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரியுமே தவிர, காலில் உணர்ச்சி போன விஷயம் அவளுக்கும் தெரியாது. சம்பந்தி வீட்டார் போளூரிலிருந்து நலம் விசாரிக்க வந்தார்கள். வெறுங்கையோடு வரக்கூடாது என்று மைசூர்பாகும் ஜாங்கிரியும் வாங்கி வந்தார்கள். மாஸ்டர் அவர்கள் மனம் கோணக்கூடாது என்று இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் சர்க்கரை எகிறிப்போய் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

கட்டை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் உள்ளே என்ன இருக்கப்போகிறதோ என்று பயந்துகொண்டே வெட்டுவேன். குழி மெல்ல மெல்ல மேலேறி வந்தது. ஆவணி நெருங்கும்போது ஒரு சின்ன சிவந்த வட்டம் மட்டும் பாக்கி இருந்தது. சுற்றிலும் வெங்காயத் தோல்போலப் புதுத் தோல். அதன்மேல் சின்ன அடி பட்டாலும் கிழிந்துவிடும். அது கிழிந்து மறுபடி சீழ் பிடித்தால் அடுத்த தடவை முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். அவரிடமும் ஒளிக்காமல் சொல்லியிருந்தேன்.

"கல்யாணத்தன்னைக்கும் கட்டு இருக்கட்டும் மாஸ்டர்."

"அது முடியாதுங்க. பாத பூஜை இருக்குதே. பொண்ணு எங்க ரெண்டு பேர் காலையும் கழுவணும்."

எனக்கு அந்தச் சடங்கு தெரியாததல்ல. தாலி கட்டுவதற்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் தத்தம் தாய் தந்தையர் பாதத்தைப் பாலும் நீரும் ஊற்றிக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துப் பூப்போடுவார்கள். எங்கள் கல்யாணத்தில் நானும் செய்தவள்தான். ஆனால் அத்தனை பேர் பார்க்க, வெளிச்சத்தில், அந்தக் காலைத் தாம்பாளத்தில் வைக்கப்போகிறார்கள் என்று யோசித்திருக்கவில்லை. முகூர்த்தத்துக்கு முதல்நாள் கட்டைப் பிரித்து, புண்ணின் மேல் மெல்லிய பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினேன். சென்னைப் பேராசிரியருக்குப் பதில் எழுதவேண்டியது அப்படியே கிடந்தது. இந்தக் கல்யாணம் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மண்டபத்தில் எனக்கு இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது. எல்லோரும் மணப்பெண்ணின் பட்டுப்புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாஸ்டரின் கால் எங்கே வைக்கப்படுகிறது, அங்கே ஊசி கிடக்கிறதா, ஹோமச் சட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாப்பிள்ளைத் தோழன் அவர் பக்கமாகப் போனாலே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். நான் பயப்படாத ஒன்று சமையற்கட்டிலிருந்து வந்தது. பாத பூஜைக்கென்று எடுத்து வைத்திருந்த பச்சைப்பாலை யாரோ காப்பிக்குக் காய்ச்சிவிட்டார்கள். ஐயர் அவசரப்படுத்த, மாஸ்டரின் தங்கை அந்தப் பாலையே ஒரு செம்பில் மொண்டு, துண்டால் பிடித்துத் தூக்கிவந்து மேடையில் வைத்தார். ஊற்றுவதற்கு நீளக் காம்புக் கரண்டி ஒன்றையும் போட்டார்.

மாஸ்டரும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தாம்பாளத்தில் நான்கு பாதங்களையும் வைத்திருந்தார்கள். வீடியோக்காரர் விளக்கைத் திருப்பினார். அந்த வெளிச்சத்தில் செம்பிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்தேன். எழுந்து ஓடினேன். யாருடைய மடியையோ மிதித்தேன். "இரும்மா, இரும்மா" என்று நான் கத்தியது மேளத்தில் அமுங்கிப்போயிற்று. அதற்குள் பெண் ஒரு கரண்டி ஊற்றிவிட்டாள்.

"ஐயோ, கொதிக்குதுடி!" என்று அலறி மாஸ்டரின் மனைவி இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

மேளம் நின்றது. எல்லார் கண்ணும் தாம்பாளத்தில். தெறித்த துளிகளுக்கே மனைவி துள்ளுகிறார். அதே பால் நேராக விழுந்த மாஸ்டரின் வலது கால் அசையாமல் அங்கேயே இருந்தது. பாதத்தின் மேல்தோல் கண்ணெதிரே சிவந்துகொண்டிருந்தது. அவர், என்ன நடந்தது என்று தெரியாமல், மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குடிதண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கி அவர் பாதத்தின் மேல் கவிழ்த்தேன். தண்ணீர் மேடையெல்லாம் ஓடியது. யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. அந்த அமைதி எனக்குக் கண்டிப்பைவிடப் பயமாக இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மெதுவாகக் கேட்டார்.

"என்னங்க சம்பந்தி, உங்களுக்குச் சுடலையா?"

அவர் கேட்காமல் விட்ட கேள்வி என்ன என்று மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஊர்ச் சுவரெல்லாம் எழுதியிருந்ததே. மாஸ்டர் என்னைப் பார்த்தார். சத்தியம் வாங்கியிருந்தாரே, நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். தாலி இன்னும் தட்டில்தான் இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் எந்த அறுவை மேஜை முன்னாலும் நின்றதில்லை.

"இல்லைங்க" என்றார் மாஸ்டர். "ரெண்டு கால்லயும் உணர்ச்சி கெடையாது. ரொம்ப நாளாவே இல்ல. நான் வழுக்கி விழல. சக்கர வியாதி. கால்ல புண்ணு. சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். சந்தேகம்னா டாக்டரம்மா இங்கயே இருக்காங்க, கேட்டுக்குங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எத்தனையோ கூட்டங்களில் பேசியவள், "சர்க்கரைதான். சர்க்கரை மட்டும்தான்" என்று இரண்டு தடவை சொன்னேன். அந்த இன்னொரு நோயாக இருந்தாலும்தான் என்ன என்று கேட்க வாய் துடித்தது. இடம் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பருமனான மனுஷி, காலை அகட்டி அகட்டி நடந்தார். குனிந்து மாஸ்டரின் பாதத்தைப் பார்த்தார், நிமிர்ந்து தன் தம்பியைப் பார்த்தார்.

"சக்கரதானே? இதுக்கா வாயப் பொத்திக்கிட்டு நிக்கறீங்க? எங்க வீட்லயும்தான் மூணு பேருக்குக் கீது. எனக்கும் கீது. நல்ல நேரம் போவுது, யாராச்சும் அந்தப் பால ஆத்திக் கொண்டாங்க."

அவ்வளவுதான். மேளம் மறுபடி ஆரம்பித்தது. மாசக்கணக்காக மாஸ்டர் ஒளித்ததும், நான் காத்ததும், மாவுக்கட்டும், வழுக்கி விழுந்த கதையும் அந்த அம்மாளின் ஒரு வார்த்தையில் ஒன்றுமில்லாமல் போயின. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அடுத்த நிமிடமே, மூன்று பேரா, அவர்கள் காலை யார் பார்த்தார்கள், இந்த அம்மாள் ஏன் இப்படி அகட்டி நடக்கிறார் என்று வேறு கவலை பிடித்துக்கொண்டது. அவர் காலை நான் பார்த்தது பந்தி முடிந்த பிறகு, கை கழுவும் இடத்தில் வைத்து.

மாஸ்டரின் வலது காலைப் பற்றிக் கேட்பவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெந்த இடம் கொப்பளித்துப் பல வாரம் எங்கள் எல்லோரையும் படுத்தி எடுத்தது. ஆனால் கால் தப்பியது. சென்னைப் பேராசிரியருக்கு நன்றி சொல்லி, வரவில்லை என்று எழுதினேன். இரண்டாயிரம் பிறந்த பிறகு, அதே மெத்தென்ற ரப்பரின் மேல் பழுப்புத் தோல் வைத்து, கடைச் செருப்பு மாதிரியே தைத்துக் கொடுக்க ஆள் பிடித்தோம். அதன் அடிப்பக்கம் தேய்ந்ததைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் எழுத முடியவில்லை. ஆனால் இவ்வளவு வருடம் இந்த ஊரில் கால்களோடு காலம் தள்ளியதற்கு அவை எதுவும் காரணமில்லை. அன்று மேடையில், மேளச் சத்தத்தில் வேறு யார் காதிலும் விழாத ஒன்று பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

பாலை ஆற்றிக் கொண்டுவந்தார்கள். பெண் மறுபடியும் தாம்பாளத்துக்கு முன் உட்கார்ந்தாள். செம்பில் தன் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நானும் விரலை விட்டுப் பார்த்துத் தலையசைத்தேன். அம்மாவின் பாதத்தைக் கழுவினாள். அப்பாவின் பாதத்தில், வெந்த இடத்தில் படாமல், ஓரமாக ஊற்றினாள். மஞ்சள் வைப்பதற்கு முன், அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி, உள்ளங்காலைத் திருப்பி, நான் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள். அதன் ஓரமாகக் கட்டைவிரலால் மெல்லத் தடவினாள். மையெல்லாம் கரைந்து கன்னத்தில் வழிந்தது.

"நான் தொடறது உனக்குத் தெரியுதாப்பா?"

மாஸ்டர் ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மகள் கல்யாண மேடையில் வேறு எந்த அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"தெரியலம்மா" என்றார். "ஆனா பாத்துக்கிட்டே இருக்கேன். நீ தொடு."

ஐயர் அடுத்ததற்குக் கூப்பிடும்வரை அவள் அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை.